தெரிந்தவர் எடுத்தால்

என் வேலை ஊரை ஏமாற்றுவது. அதற்குச் சம்பளமும் கொடுத்து, கழுத்தில் அடையாள அட்டையும் மாட்டிவிட்டிருக்கிறார்கள். சிதம்பரத்தில் சைபர் செக்யூரிட்டி எம்.எஸ்சி. முடித்த அனுப்பிரியா என்றால், கம்ப்யூட்டருக்குள் ஓடும் வைரஸை வலை போட்டுப் பிடிக்கிறவள் என்று எங்கள் கடலூர் முதுநகரில் பேசிக்கொள்கிறார்கள். அதெல்லாம் ஒன்றும் கிடையாது. போனை எடுத்து, "சார், சிஸ்டம் டிபார்ட்மென்ட்லேருந்து பேசுறேன், உங்க பாஸ்வேர்டு சொல்லுங்க" என்று கேட்பேன். சொல்லிவிட்டால் அந்த ஆள் தோற்றார், சொல்லாவிட்டால் ஜெயித்தார். தங்கள் ஆட்கள் எவ்வளவு ஜாக்கிரதையாக இருக்கிறார்கள் என்று பார்ப்பதற்காக கம்பெனிக்காரர்களே எங்களைக் கூப்பிட்டு வைக்கும் பரீட்சை இது. முதலாளிக்குத் தெரியும். போனை எடுக்கிறவருக்குத் தெரியாது.

இந்தப் படிப்பில் சேர்ந்த நாளிலிருந்து சொந்தக்காரர்கள் என் உயிரை வாங்கிவிட்டார்கள். பெரிய மாமா, "இத படிச்சா போலீஸ்ல எடுத்துக்குவாங்களா?" என்றார். அத்தை தன் பேஸ்புக்கை எவனோ திருடிவிட்டான், பிடித்துக் கொடு என்று ஒற்றைக் காலில் நின்றாள். பேங்கில் வேலை உண்டு, ஆஸ்பத்திரியில் வேலை உண்டு, கோர்ட்டுக்கு வரும் போன்களைத் திறந்து பார்க்கிற லேபில் வேலை உண்டு, ஷிப்டு போட்டுக்கொண்டு நாளெல்லாம் திரையை முறைத்துக்கொண்டிருக்கிற வேலையும் உண்டு என்று விளக்கிப் பார்த்தேன். ஒருவருக்கும் மண்டையில் ஏறவில்லை. கூடப் படித்தவர்கள் பெங்களூர், துபாய் என்று போனார்கள். எனக்கு வாய் நீளம், அதனால் போன் வேலை வாய்த்தது.

இந்த வருஷம் மழை விட்ட சமயத்தில் ஒரு நகைக்கடன் கம்பெனியின் வேலை எங்களுக்கு வந்தது. பேர் வேண்டாம். தலைமை ஆபீஸ் சிதம்பரத்தில், கிளைகள் கடலூர் மாவட்டம் முழுக்க. சென்னையிலிருந்து எங்கள் ஆட்கள் போன் போட்டால் அந்தக் கிளைக்காரர்கள் ஒருவரும் அசைந்து கொடுக்கவில்லை. "நீங்க எந்த ஊரு மேடம்?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்கள். அதனால் எங்கள் டீம் லீடர் சுவேதா அக்கா என்னை இழுத்துக்கொண்டு கடலூருக்கே வந்துவிட்டாள். மஞ்சக்குப்பத்தில் ஒரு மெடிக்கல் கடைக்கு மேலே அறை எடுத்தோம். "உன் ஊருப் பேச்சுதான்டி நமக்கு மொதலு. வாய தொற, தானா கொட்டுவாங்க" என்றாள்.

கொட்டினார்கள். பண்ருட்டிக் கிளையில் ஓர் அம்மா பாஸ்வேர்டைச் சொல்லிவிட்டு, "சாப்டியாம்மா? கொரலே சோர்ந்து கெடக்குது" என்றாள். காட்டுமன்னார்கோயில் கிளையில் ஒருவர் தன்னுடையதோடு பக்கத்து சீட்டுக்காரருடையதையும் சேர்த்துச் சொன்னார். "அவுரு டீ குடிக்கப் போயிருக்காரு. நீங்க மறுபடியும் ஒருவாட்டி போன் போட்டு எதுக்கு அலையணும், எழுதிக்கிங்க" என்றார். இவர்களை ஏமாற்ற எனக்கு மனசு வரவில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் இப்படி அப்பாவிகளாக இருக்கிறார்களே என்று கோபமும் வந்தது. எனக்கு எப்போதும் மூக்குக்கு மேல் கோபம், அது வேறு விஷயம்.

இந்த வேலையில் ஒரு சட்டம் உண்டு. தெரிந்தவர் எடுத்தால் பேசக் கூடாது. ராங் நம்பர் என்று சொல்லி வைத்துவிட்டு, அந்த எண்ணை வேறு ஆளிடம் தள்ளிவிட வேண்டும். தெரிந்தவன் என்றால் நான் அவனைக் காப்பாற்றப் பார்ப்பேன், அல்லது பழைய பகைக்குப் பழிவாங்கப் பார்ப்பேன். இரண்டுமே பரீட்சையைக் கெடுக்கும். நியாயமான சட்டம்தான். நானே புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அதை வகுப்பெடுத்துச் சொல்லியிருக்கிறேன்.

இங்கே ராஜவேலைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பிறகு நடந்தது எதுவும் புரியாது.

நான் முதுநகரிலிருந்து பாசஞ்சரில் சிதம்பரத்துக்குப் படிக்கப் போவேன். அவன் குமராட்சியிலிருந்து மினி பஸ்ஸில் வருவான். கொள்ளிடத்தில் தண்ணீர் ஏறிவிட்டால் ஆள் வரமாட்டான். வடிந்த பிறகு, எதுவுமே நடக்காதவன் மாதிரி வந்து உட்கார்ந்து, "எதுனா நடத்துனாங்களா?" என்பான். நடத்தியதையெல்லாம் நான்தான் உட்கார்ந்து சொல்லித் தருவேன். இரண்டாம் தடவை சொல்லவே வேண்டாம். எனக்கு அதுவே எரிச்சலாக இருக்கும். இன்னொரு தடவை கேட்டால்தான் என்ன என்று தோன்றும். அவனோடு இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கத்தான் அப்படித் தோன்றியது என்று புரிய எனக்கு ஒரு செமஸ்டர் ஆனது.

எங்களுக்குப் போனில் ஏமாற்றுவதை லேபிலேயே கற்றுக்கொடுத்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு ரகசிய வார்த்தை. ஒருவருக்கொருவர் போன் போட்டுக் கறந்துகொள்ள வேண்டும். நான் கூரியர்காரியாகவும் பேங்க்காரியாகவும் அழுகிற அத்தையாகவும் வகுப்பில் எல்லோரையும் கறந்தேன். ராஜவேலிடம் மட்டும் ஒன்றும் நடக்கவில்லை. நான் வாயைத் திறந்ததுமே, "அனு, மெஸ்ஸுக்குப் போவலியா?" என்பான். எந்தக் குரலில் பேசினாலும் கண்டுபிடித்துவிடுவான். எப்படி என்று கேட்டால் சொல்லமாட்டான்.

கடைசி வருஷம் சென்னையிலிருந்து ஒரு கம்பெனி ஆள் எடுக்க வந்தது. எழுத்துத் தேர்வில் அவன்தான் முதல். நேர்காணலில் எங்கள் தொழிலில் எல்லோரையும் கேட்கிற கேள்வியைக் கேட்டார்கள். அனுமதி இல்லாமல் எந்த சிஸ்டத்துக்குள்ளாவது எப்போதாவது நுழைந்திருக்கிறீர்களா? எல்லோரும் இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தோம். எனக்கு அது உண்மையும்கூட. இவன், ஆமாம் என்றானாம். பி.எஸ்சி. படிக்கும்போது மார்க் பார்க்கிற பக்கத்தில் மேலே இருக்கும் எண்ணை மாற்றினால் மற்றவர்கள் மார்க்கும் தெரிந்ததாம், பார்த்தானாம், பார்த்துவிட்டு ஓட்டை இருக்கிறது என்று கல்லூரியில் போய்ச் சொன்னானாம். அவ்வளவுதான் விஷயம். என்னை எடுத்துக்கொண்டார்கள், அவனை அனுப்பிவிட்டார்கள்.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் நின்று சண்டை போட்டேன். சுற்றி இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"வாய வச்சிக்கிட்டு சும்மா இருக்க மாட்டியாடா நீ? இல்லன்னு ஒரு வார்த்த. அவன் என்ன குமராட்சிக்கு வந்து விசாரிக்கப் போறானா?"

"கேட்டாங்க. சொன்னேன்."

"எதுக்கு சொன்ன?"

"பொய் சொல்ல வரல அனு. என்னா பண்ண சொல்ற?"

அவன் சொன்னது நிஜம். சின்னப் பொய்கூட அவனுக்கு வராது. யாராவது கொண்டுவந்த குழம்பு நன்றாயில்லை என்றால் நன்றாயில்லை என்றே சொல்லிவிடுவான். நான் அழ ஆரம்பித்தேன். அவன் என் பையை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, மினி பஸ் இரண்டைப் போகவிட்டு நின்றான். பிறகு, "நீ போ. வேலையப் பாரு. நானும் ஒரு நல்ல எடத்துல உக்காந்துட்டு ஒங்க வீட்டுப் படி ஏறுறேன். அதுவரைக்கும் போன் பண்ணாத. பண்ணுனா நான் கெளம்பி வந்துடுவேன், அப்புறம் எதுக்கும் ஆவமாட்டேன்" என்றான்.

"பண்ண மாட்டேன், போ" என்று நானும் சொன்னேன். வாய்தான் சொன்னது.

பிறகு இரண்டு வருஷம். அவனைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது என்று சாதாரணமாகச் சொல்லிவிட முடியாது. ஏங்கிப் போனேன். வேளச்சேரியில் பஸ்ஸில் யாராவது பின்னாலிருந்து எங்கள் பக்கத்துப் பேச்சில் "என்னா", "போவலியா" என்று பேசிவிட்டால் திரும்பாமல் இருக்க என்னால் முடியாது. யாரோ பிள்ளைகுட்டிக்காரராக இருப்பார். எவனுடைய ஜாதகத்தையும் அரை மணியில் இணையத்தில் தோண்டி எடுத்துவிடுகிற வேலையில் இருந்துகொண்டு, ஒருத்தனைத் தேடாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? அவன் பேரைத் தேடும் பெட்டியில் அடிப்பேன். அழிப்பேன். வேலை கிடைத்ததா, இல்லையா, வேறு யாரையாவது கட்டிக்கொண்டானா, எதையும் நானாகத் தெரிந்துகொள்ளக் கூடாது, அவனே வந்து சொல்ல வேண்டும் என்ற வீம்பு. அம்மா கொண்டுவந்த மாப்பிள்ளைகளை மூக்கு சரியில்லை, முழி சரியில்லை என்று ஒவ்வொருவராகக் கழித்துக்கட்டினேன். அவன் மனசில் நான் இன்னும் இருக்கிறேனா என்ற ஒன்று தெரிந்தால் போதும் என்று இருந்தது.

இனி அந்தப் போனுக்கு வருகிறேன்.

எங்களுக்கு எண்கள் மட்டும்தான் கொடுத்திருந்தார்கள். யாருடையது, என்ன பதவி, ஒன்றும் இருக்காது. காலையில் டீ குடித்துவிட்டு சிதம்பரத்து எண் ஒன்றை அழுத்தினேன். நான் பேசுவது முழுக்க ஒலிப்பதிவாகும்.

"வணக்கம், சொல்லுங்க" என்று ஆண்குரல் வந்தது.

ராஜவேல். அவனேதான். ராங் நம்பர் என்று சொல்லி வைக்க வேண்டும். விரல் சிவப்புப் பொத்தானுக்கு மேலேயே நின்றது, கீழே இறங்க மறுத்துவிட்டது. வைத்தால் அந்தக் குரல் போய்விடும். வாய் தானாகப் பேச ஆரம்பித்தது.

"சார், நான் சிஸ்டம் டிபார்ட்மென்ட்லேருந்து தமிழ்ச்செல்வி பேசுறேன்."

அந்தப் பக்கம் ஒரு மின்விசிறி கரகரவென்று ஓடும் சத்தம் மட்டும் வந்தது.

"யாரு?"

"தமிழ்ச்செல்வி சார்."

"சரிங்க தமிழ்ச்செல்வி. சிஸ்டம் டிபார்ட்மென்ட்டா? அங்க எத்தன பேரு இருக்கீங்க?"

"நெறைய பேர் இருக்கோம் சார்."

"அப்புடியா. பரவால்லியே" என்றான். "சொல்லுங்க, என்னா வேணும்?"

"சர்வர் மாத்துறோம் சார். உங்க ஐடி லாக் ஆயிடாம இருக்க பாஸ்வேர்டு சரிபார்க்கணும்."

"மெதுவா பேசுங்க மேடம். அவசரம் ஒண்ணும் இல்ல. ஒங்களுக்குத் தொண்ட கட்டியிருக்கு. ஐஸ் தண்ணி குடிக்கிறீங்களா?"

"இல்ல சார்." பொய். பிரிட்ஜைத் திறந்தால் எனக்கு அதுதான் வேலை.

"குடிக்காதீங்க. சரி, எழுதிக்கிங்க."

எழுதிக்கொள்ளாதே, வை, வை என்று எனக்குள் ஒருத்தி கத்தினாள். அவன் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னான். நிதானமாக, மளிகைக் கடையில் சாமான் சொல்வதுபோல.

"ஏ. என். யூ."

நான் தட்டினேன்.

"பி. ஆர். ஐ. ஒய். ஏ."

திரையில் என் பெயர் வந்து நின்றது. "அவ்வளவுதானா சார்?" என்று கேட்டது நான்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

"அவ்ளோதான் மேடம். மாத்திக்க, மாத்திக்கன்னு வூட்லயும் வெளியிலயும் எல்லாரும் சொல்றாங்க. நான் மாத்தல."

நன்றி சார் என்று சொல்லி வைத்துவிட்டேன். மொட்டைமாடிக்கு ஓடிப்போய், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன், பிறகு அழுதேன். கெடிலம் ஆற்றுப் பக்கமிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. மாத்தல என்றானே, மாத்தல என்றானே என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கீழே வந்தபோது சுவேதா அக்கா காதில் மாட்டிக்கொண்டு காலைப் பதிவுகளைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தாள்.

"என்னடி இது அநியாயம்? கடைசியா பேசினியே, அந்த ஆளு யாரு தெரியுமா? என்கிட்ட இருக்குற லிஸ்ட்ல பாத்தேன். அந்தக் கம்பெனி சிஸ்டம்ஸ் ஆளே அவருதான். டிபார்ட்மென்ட்டே அவரு ஒருத்தர்தான். அவரே பாஸ்வேர்ட தூக்கிக் குடுத்திருக்காரு."

கிளர்க்குகள் தோற்றால் ஒரு நாள் பயிற்சி வகுப்போடு போகும். சிஸ்டம்ஸில் இருக்கிறவன் தோற்றால் வேலையை விட்டு அனுப்பிவிடுவோம் என்று அந்த முதலாளி முதல் கூட்டத்திலேயே மேஜையைத் தட்டிச் சொல்லியிருந்தார். நானும் அந்தக் கூட்டத்தில் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மடையா, மடையா, உனக்கு என் பேரைச் சொல்ல வேறு நேரமே கிடைக்கவில்லையா என்று அவனை மனசுக்குள் வைதேன்.

"அக்கா, அந்தப் போன் செல்லாது" என்றேன்.

"ஏன்?"

"எனக்குத் தெரிஞ்சவன். கூடப் படிச்சவன். ராஜவேலு."

சுவேதா அக்கா என்னைப் பார்த்தாள். அவள் கோபித்துக்கொள்கிற ஆள் இல்லை. அதனாலேயே பயமாக இருந்தது.

"எப்ப தெரிஞ்சிது?"

"வணக்கம்னு சொன்னப்பவே."

"அப்பவே ஏன் வைக்கல?"

"வைக்க முடியல அக்கா. அந்தக் கொரல கேட்டு ரெண்டு வருஷமாச்சு."

அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "அவன் சொன்னது உன் பேருதானே? நான் ஏதோ புள்ள பேருன்னு நெனச்சேன்" என்றாள். பிறகு எழுந்து வெளியே போய் அந்தக் கம்பெனி மேனேஜரிடம் போனில் பேசினாள். திரும்பி வந்தபோது முகம் மாறியிருந்தது.

"போட்டுப் பாத்தாங்களாம். அது அவன் பாஸ்வேர்டே இல்ல. தொறக்கல. அவன் பாஸாயிட்டான்டி. நீதான் பெயிலு."

அக்காவிடம் நான் வாயைத் திறந்திருக்கவே வேண்டாம். அவன் எதையும் கொடுக்கவில்லை. லேபில் ஒரு தடவைகூட ஏமாறாதவன் இன்றைக்கு மட்டும் ஏமாறுவானா? இது எனக்குச் சந்தோஷமாக அல்லவா இருக்க வேண்டும்? இல்லை. பாஸ்வேர்டு கேட்டு வருகிற திருடிக்கு எதையாவது கொடுத்து விரட்டுவது போல என் பேரை எடுத்துக் கொடுத்துவிட்டானா? குரலைக் கண்டுபிடித்துவிட்டு, சரி, கொஞ்சம் ஆட்டம் காட்டுவோம் என்று கேலி செய்தானா? மாத்தல என்றது என்ன? சற்றுமுன் மாடியில் சிரித்தவளைப் போட்டு அறையலாம் போல இருந்தது.

"இன்னொரு சிக்கல் இருக்குது" என்றாள் சுவேதா அக்கா. "ஒன் பேரையே அவன் சொன்னதால, பரீட்ச வருதுன்னு நீ முன்கூட்டியே அவனுக்குச் சொல்லிட்டியோன்னு மேனேஜர் கேக்குறாரு. அப்புடி எதுனா இருந்தா ஒன் வேல போச்சு, அவன் வேலையும் போச்சு. நாளைக்கி நான் அவன விசாரிக்கணும். அதுவரைக்கும் நீ அவனோட ஒரு வார்த்த பேசக் கூடாது."

"பேசவே இல்ல அக்கா. ரெண்டு வருஷமா பேசல."

"தெரியுது. ஆனா நான் கேட்டுத்தான் ஆவணும்."

அன்று சாயங்காலம் முதுநகர் வீட்டுக்குப் போனேன். அம்மா சங்கரா மீன் வறுத்திருந்தாள். எனக்கு இறங்கவில்லை. "என்னாடி, மூஞ்சி இப்புடி இருக்குது?" என்று கேட்டாள். ஆபீஸில் திட்டினார்கள் என்றேன். ரயில் ஒன்று தெற்கே போகிற சத்தம் வந்தது. ஒரு மணி நேரத்தில் அது சிதம்பரம் போய்விடும். ஏறி உட்கார்ந்தால் போதும், போய் எதிரில் நின்று கேலிதானா சொல்லு என்று கேட்டுவிடலாம். கேட்டால் அவன் வேலை போய்விடும். சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன். அம்மா தட்டைப் பிடுங்கிக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை சுவேதா அக்கா அறைக் கதவைச் சாத்தினாள். "நீ உள்ள இருக்கக் கூடாது. ஆனா வெளிய நின்னு கதவுல காத வச்சிக்கிட்டு நிப்ப, எனக்குத் தெரியும். அதுக்கு இங்கயே உக்காரு. மூச்சு விடக் கூடாது" என்றாள். போனை மேஜை நடுவில் வைத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"வணக்கம், சொல்லுங்க."

சுவேதா அக்கா தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, நேற்றைய போன் ஒரு பரீட்சை, அதில் அவர் தேறிவிட்டார் என்று சொன்னாள். அவன் சரிங்க மேடம் என்றான். சில கேள்விகள் இருக்கின்றன, பதிவாகிறது, உண்மையைச் சொல்ல வேண்டும் என்றாள். அதற்கும் சரிங்க மேடம் என்றான்.

"இப்படி ஒரு போன் வரும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாது."

"யாரும் சொல்லலையா?"

"யாரும் சொல்லல மேடம்."

சட்சட்டென்று பதில் வந்தது. ஒளித்து வைக்க ஒன்றுமே இல்லாதவன் அப்படித்தான் பேசுவான். சுவேதா அக்கா என் பக்கம் பார்த்துத் தலையசைத்தாள். இனி ஒரு கேள்விதான் மிச்சம் என்று எனக்குத் தெரியும். புடவை முந்தானை கிடைத்தால் வாயில் அடைத்துக்கொள்ளலாம், நான் சுடிதாரில் இருந்தேன். துப்பட்டாவைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டேன்.

"எங்க டீம்ல அனுப்பிரியான்னு ஒருத்தர் இருக்காங்க. அவுங்கள உங்களுக்குத் தெரியுமா?"

மின்விசிறி ஓடியது.

"மிஸ்டர் ராஜவேல்?"

"அவுங்களுக்கு எதுனா பிரச்சினையா மேடம்?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. தெரியுமா, தெரியாதா?"

அவன் தொண்டையைச் செருமினான். ஏதோ சொல்ல வந்து நிறுத்தினான். நாற்காலி கிறீச்சிட்டது.

"தெரி... தெரியாது மேடம். அந்தப் பேர்ல எனக்கு யாரையும் தெரியாது."

சுவேதா அக்கா புருவத்தை உயர்த்தினாள். நாங்கள் இரண்டு பேரும் நாள் முழுக்கப் பொய் கேட்கிறவர்கள், பொய் சொல்கிறவர்கள். இவ்வளவு மட்டமான பொய்யை நாங்கள் கேட்டதே இல்லை. அப்படித் திக்கித் திணறினான். பள்ளிக்கூடத்துப் பையன்கூட இதைவிட நன்றாகச் சொல்வான்.

"தெரியாதவங்க பேர ஏன் பாஸ்வேர்டுன்னு சொன்னீங்க?"

"பாஸ்வேர்டுன்னு சொல்லல மேடம். எழுதிக்கிங்கன்னுதான் சொன்னேன்."

"சரி. அந்தப் பேர ஏன் சொன்னீங்க?"

"வாயில வந்தது மேடம்" என்றான் ராஜவேல். "எப்பவும் அதான் வருது."

என் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. அன்று நேர்காணலில் கேட்டவர்களிடம் ஒரு பொய் சொல்லியிருந்தால் இந்நேரம் அவனும் சென்னையில் இருந்திருப்பான். தன் வாழ்க்கைக்காக ஒரு தடவை பொய் சொல்லத் தெரியாதவன், எனக்கு ஏதோ ஆகிவிடும் என்று பயந்து, தெரியாத வித்தையைத் திக்கித் திக்கிச் செய்துகொண்டிருக்கிறான். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தால் போதும். என் வேலை நிற்கும், அவன் வேலையும் நிற்கும்.

ஆனால் சுவேதா அக்கா அடுத்துக் கேட்டாள். அவள் வேலை அது. "அப்ப நான் எழுதிக்கிறேன். அனுப்பிரியாங்கறவங்க உங்களுக்கு யாரும் இல்ல. சரிதானே? ஆமான்னு சொல்லுங்க, முடிச்சிடலாம்."

"ஆ..." என்றான். சொல்ல முடியாமல் நிறுத்தினான். மறுபடியும் மூச்சை இழுத்தான்.

அந்த ஒரு வார்த்தையை அவன் வாயால் நான் கேட்கமாட்டேன். பொய்யாகக்கூட கேட்கமாட்டேன்.

"டேய்!" என்று கத்தினேன். "சொல்லாதடா! பொய் சொன்னா பல்ல ஒடச்சிடுவேன்! அக்கா, அவனுக்கு என்னத் தெரியும். எனக்கும் அவனத் தெரியும். நான் அவன்தான் வேணும்னு உக்காந்திருக்கேன். எழுதிக்கிங்க!"

சுவேதா அக்கா போனை அணைக்கப் பொத்தானைத் தேடினாள். பதற்றத்தில் பேனாவைத் தட்டிவிட்டாள், அது உருண்டு என் காலடியில் விழுந்தது. போனில் அவன் பேசினான். மேடம் இல்லை, வணக்கம் இல்லை.

"நீ எங்கேருந்து பேசுற? சென்னையா?"

"மஞ்சக்குப்பம்டா."

"மஞ்சக்குப்பமா? கடலூர்லயா இருக்க?" அவன் குரல் உடைந்துபோனது. "இவ்ளோ கிட்டயா?"

சுவேதா அக்கா போனை அணைத்துவிட்டாள். உன்னை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன், இதை யாரிடம் போய்ச் சொல்வேன், இன்றைக்கே மூட்டையைக் கட்டு என்று என்னென்னவோ சொன்னாள். எல்லாம் நியாயம்தான். எனக்கு எதுவும் காதில் விழவில்லை. மேஜையில் இருண்டு கிடந்த போனைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு, "ஆமாடா, இவ்ளோ கிட்டதான்" என்று சொன்னேன்.